தம்பிக்கு அனுப்பிய ஆரஞ்சு பம்ப்

பால் பாக்கெட்டோடு மாடியேறிய மங்கையர்க்கரசி, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது வயதுக்கு இது ஒரு களைப்பா? ஆஸ்துமாவுக்கான நீல பம்பை எத்தனை தரம் இழுத்தாலும் நெஞ்சு திறக்கவில்லை. சீச்சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது அவளுக்கு.

"கைக்கூ, ஏன் இப்படி மூச்சு வாங்குறே? சலோ, ஆஸ்பத்திரிக்கு" என்றார் கணவர் ரகுநாதன், அந்த ஊர் உருது கலந்த தமிழில்.

அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அந்தப் புண்ணியத்தில் அவளுக்கு மாதாமாதம் இரண்டு பம்ப் இலவசம். மூச்சு முட்டினால் இழுக்க நீலம். நன்றாக இருந்தாலும் தினமும் இழுக்க ஆரஞ்சு. நன்றாக இருக்கும்போது எந்த மகராசி மருந்து எடுப்பாள்? அதுவும் இழுத்தால் ஒன்றுமே தெரியாத மருந்து! ஜோலார்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் தம்பி சீனுவுக்கும் இதே இழுப்பு. பாவம், அவனுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி கார்டு கிடையாது. ஊருக்குப் போகிற ரயில்வேக்காரர் யார் கையிலாவது ஆரஞ்சைக் கொடுத்தனுப்பிவிடுவாள். வருஷக்கணக்கில் இப்படித்தான். உடன்பிறந்தவனுக்குச் செய்கிறோம் என்று அதில் ஒரு பெருமை வேறு.

ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் தாரிணி, மதுரைப் பெண், மூச்சின் பலத்தை அளக்கும் மெஷினில் ஊதச் சொன்னாள். மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னாள். பெரிய வித்தியாசம் இல்லை.

"ஆரஞ்சு எடுக்குறீங்களாம்மா?"

பொய் சொல்லக்கூட மூச்சில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டாள். டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கிருமியோட சண்டை போட ரத்தத்துல அணுக்கள் இருக்கும்மா. உங்களுக்கு அதுங்க வெறும் தூசிக்கெல்லாம் கிளம்பி வந்துடுது. ஈஸினோஃபில்னு ஒண்ணு, கூட இன்னும் சிலது. மூச்சுக்குழாயில உக்காந்துக்கிட்டு எதையாவது சுரந்துக்கிட்டே இருக்கும். குழாய் வீங்கும், சளி கட்டும். நீலம் குழாயை விரிச்சுவிடும், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தை அடக்குறது ஆரஞ்சு. நல்லா இருக்கோம்னு நீங்க நெனச்ச நாள்லயும் உள்ளே புண்ணாகி, ஆறி, தழும்பு விழுந்து, சுவரே தடிச்சுப்போச்சு."

"அந்தத் தழும்பு போயிடும்ல?"

"விழுந்தது முழுசாப் போகாதும்மா. இனிமே விழாமப் பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பிக்கு போன் போட்டாள். தன் குழாய் போனால் போகட்டும், அவனுடையதாவது தப்பியிருக்கும் அல்லவா?

"சீனு, ஆரஞ்சை ஒழுங்கா இழுக்குறியா?"

"அதுல ஒண்ணும் தெரியலக்கா. நீலத்தை இங்கயே கடையில வாங்கிக்கிறேன். நீ ஆசையா அனுப்புற, வேணாம்னு சொல்ல மனசு வரல. எல்லாம் பீரோவுல அப்படியே இருக்கு."

அடப்பாவி! கத்த வாயெடுத்தாள், இருமல்தான் வந்தது. யாரைத் திட்டுவது? தானும் இழுக்கவில்லை, அவனும் இழுக்கவில்லை.

"நாளைக்கே ஒரு நல்ல டாக்டரைப் போய்ப் பாரு. இப்போ தேதி முடியாததா ஒண்ணு எடு" என்றாள். தன் ஆரஞ்சையும் பிரித்தாள். "மூச்சை வெளியே விடு. பம்பை அழுத்தி இழு. நான் சொல்றவரைக்கும் உள்ளேயே பிடி."

இருவரும் இழுத்தார்கள். அவளுக்கு உடனே இருமல் வெடித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமி ஓய்ந்தபோது, போனில் சத்தமே இல்லை. பிறகுதான் அங்கே நீளமாக ஒரு மூச்சு விட்டது கேட்டது.

"நீ 'விடு'ன்னு சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா" என்றான் சீனு.