டெனர் வரிசையில் ஒரு புடவை

என் கழுத்தில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது. அதை மறைக்கிற மாதிரி பட்டையாக ஒரு சங்கிலி போட்டுக்கொள்ளும்படி உறவுக்காரர்கள் சொன்னார்கள். நான் போடவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் கைவைத்த இடத்தை மூடிக்கொண்டு என்னத்தைச் சொல்வது?

என் பெயர் எஸ்தர். கணவர் செல்வராஜ் ரயில்வேயில் எலெக்ட்ரீஷியன். தாம்பரம் சானடோரியம் பகுதியில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தாம்பரத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் நிற்பேன். சோப்ரானோ, அதாவது பெண்களின் உச்சக் குரல். எங்கள் குழுவில் பெண்களுக்கு இரண்டு வரிசை, எதிர்ப்பக்கம் ஆண்களுக்கு இரண்டு வரிசை. பேச்சும் பாட்டும்தான் என் பிழைப்பு, என் ஜெபம், என் சந்தோஷம் எல்லாமே.

1987இல் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். குரல் நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே போகிறது, அது பாதிக்கப்படலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். கண் விழித்ததும் "தண்ணி" என்று கேட்டேன். காற்றுதான் வந்தது. வார்த்தை வரவில்லை.

வாரங்கள் போயின. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "பேச்சு ஓரளவுக்கு வரும்மா. பாட்டை மட்டும் மறந்துடுங்க" என்றார். நல்ல மனிதர், வருத்தப்பட்டுத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. அதைப் போல ஒரு கொடுமை இல்லை.

கம்பெனியில் என்னை டெலிபோன் போர்டிலிருந்து எடுத்து ஃபைல் அடுக்குகிற வேலைக்குப் போட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் என் சின்ன மகளைத் தூங்கவைக்க வாயைத் திறந்தேன். கரகரவென்று என்னமோ வந்தது. "அம்மா, பாடாத. பயமா இருக்கு" என்றாள். அன்றைக்கு எனக்கு வாழவே பிடிக்கவில்லை.

ஆறுதல் சொல்ல சபையிலிருந்து வந்தார்கள். சோப்ரானோ வரிசையில் என் பக்கத்தில் நிற்கும் ரோஸ்லின் அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். ஜெபித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எஸ்தர், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. குரல்ல உனக்குக் கொஞ்சம் பெருமை இருந்துச்சுல்ல? அதை அறிக்கை பண்ணிடு. கர்த்தர் மனசு எரங்குவாரு."

நான் அவர் காதருகே போய், இருந்த காற்றையெல்லாம் திரட்டிச் சொன்னேன்: "செய்யாத பாவத்தை அறிக்கை பண்ண மாட்டேன்க்கா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. சாட்சி எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில்தான் தங்கள் பாவத்தைச் சொல்லி அழுவார்கள். என் சாட்சியில் அது கிடையாது. தேவன் கொடுத்த குரலை நான் சந்தோஷமாகப் பாடினேன். அது பெருமை என்றால் பெருமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தப்பு செய்ததால்தான் நோய் வந்தது என்று படுக்கையில் கிடப்பவளிடம் சொல்வதற்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் எதற்கு?

"உம் சித்தம் ஆகட்டும் என்று விட்டுவிடுங்கள்" என்றும் சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. சித்தம் இன்னதென்று அவரே சொல்லட்டும், அதுவரை கேட்பேன் என்று தீர்மானித்தேன்.

ஆனால் எப்படிக் கேட்பது? வாய்விட்டு ஜெபித்தே பழகியவள் நான். என் கரகரப்பை நானே கேட்கக் கூசினேன். மறுபடி மெடிக்கல் லீவு போட்டு வீட்டில் இருந்த ஒரு மத்தியானம், பீச் ஸ்டேஷனுக்குப் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயின் எங்கள் வீட்டை ஒட்டித் தடதடவென்று போனது. ட்ரெயின் போகும்போது எங்கள் தெருவில் யாரும் பேச மாட்டார்கள். பேசினாலும் கேட்காது. கையில் எடுத்த காபியை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டிகள் கடக்கும்வரை சும்மா நிற்பது எங்கள் தெருப் பழக்கம். அன்றைக்கு நான் சும்மா நிற்கவில்லை. ஜன்னலைத் திறந்து, வாயைத் திறந்து கத்தினேன்.

"நீர்தானே கொடுத்தீர்! திருப்பிக் கொடும்!"

என் காதுக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு ட்ரெயின் வருகிற நேரமெல்லாம் என் ஜெப நேரம் ஆனது. முதலில் கத்தினேன். அப்புறம் கெஞ்சினேன். அப்புறம் சண்டை போட்டேன். கொஞ்ச நாள் கழித்து, வார்த்தை தீர்ந்துபோய், மெட்டாக எதையோ இழுக்க ஆரம்பித்தேன். அந்த இரைச்சலுக்குள் என் குரல் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அந்தச் சுதந்திரம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

என் கணவர் அதிகம் பேசாதவர். எனக்காக ஜெபித்தாரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் என் லீவு நாட்களில், காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டே, "மேடம், இன்னிக்குப் பத்து மணிக்கு மேல ஒரு கூட்ஸ் இருக்கு. நீளமான வண்டி. ரெண்டு சரணம் தாங்கும்" என்பார். நான் சிரிப்பேன். அந்த நாட்களில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அடுத்த வருஷம் மழைக்காலம், ஒரு லீவு நாள். துணி காயாமல் வீடு முழுக்கக் கொடி கட்டியிருந்தேன். ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். வண்டி போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. மழைச் சத்தம்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு குரல் உடையாமல், நடுங்காமல் நின்றுகொண்டிருந்தது. என் குரல்தான். ஆனால் கனத்த, தாழ்ந்த குரல்.

அடுத்த நிமிஷம் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக் கமலா அக்கா குடையோடு நின்றார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர், ஆனால் என் ஆபரேஷன் அன்று எனக்காகப் பட்டினி கிடந்தவர்.

"இன்னா எஸ்தரு, உன் வூட்ல யாரோ ஆம்பள பாடிக்கினு கீறாரு? சாரு டூட்டிக்குப் போனத நான் பாத்தனே?"

"நான்தான்க்கா" என்றேன், அதே குரலில்.

அக்கா வாயில் கை வைத்தார். கொடித் துணிகளை விலக்கி உள்ளே ஒரு பார்வை பார்த்து, யாரும் இல்லையென்று உறுதி செய்துகொண்டுதான் நம்பினார். பிறகு சிரித்த சிரிப்பில் குடை கீழே விழுந்தது. "நல்லாத்தாம்மா கீது. மின்ன நீ பாடுனா கீச்சுனு மேல போய்டுவ, நம்மளால கூடவே வர முடியாது. இப்ப சேந்து பாடலாம் போல கீது" என்றார்.

அவர் போனதும் நான் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. என் பழைய உச்ச ஸ்வரத்தைத் தொட்டுப் பார்த்தேன். உடைந்தது. "நான் கேட்டது என் குரலை. இது யாருடையது?" என்று அடுத்த ட்ரெயினில் கேட்டேன். பதில் வரவில்லை. வரும்வரை இதை வைத்தே பாடுகிறேன், பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

மறுபடி போர்டில் உட்கார்ந்தேன். போன் செய்தவர்களெல்லாம் "சார், மேனேஜர குடுங்க சார்" என்றார்கள். நானும் கொடுத்தேன்.

பாடகர் குழுவை நடத்தும் தாவீது சாரிடம் போனேன். கண்டிப்பான மனிதர், சங்கீதம் தெரிந்தவர். என்னைப் பாடச் சொல்லிக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "சோப்ரானோலயே நில்லுங்கம்மா. வரிசையில ஒரு எடம் காலியா கெடந்தா பாக்க நல்லா இல்ல. வாய மட்டும் அசைங்க."

ஏதோ சேர்த்துக்கொண்டார்களே என்று வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன். வாயை அசைத்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. ஆபரேஷன் ஆன நாளில்கூட நான் ஊமையாக இல்லை, காற்றாவது வந்தது. ஆலயத்தில், ஆண்டவர் சந்நிதியில், தொண்டையில் குரலை வைத்துக்கொண்டு ஊமையாக நிற்கச் சொல்கிறார்களே!

எதிர்ப்பக்கம் டெனர் வரிசையில் எப்போதும் ஓட்டை. டெனர் என்றால் ஆண்களில் மேல் குரல். அதில் நின்றவர்கள் பாதிப் பேர் ரயில்வே, மீதிப் பேர் ஃபேக்டரி, எல்லோருக்கும் ஷிஃப்ட். பண்டிகை நாளில்தான் டூட்டி விழும். வாயை அசைத்துக்கொண்டே நான் அவர்கள் பாகத்தைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். அது என் புதுக் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல உட்கார்ந்தது.

1989, பெரிய வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை, வெயில் கொளுத்துகிறது, ஆலயம் நிறைந்து வராந்தாவிலும் ஜனம். விசேஷப் பாட்டின் நடுவில் டெனர் மட்டும் தனியாகத் தொடங்க வேண்டிய ஓர் இடம். அந்த வரிசையில் அன்று ஒரே ஒரு ஆள், சாலமோன் தாத்தா. அவருக்குக் கடும் சளி. ஆர்கன் நின்றது. தாவீது சார் கை காட்டினார். தாத்தா வாயைத் திறந்தார், இருமல் வந்தது.

சார் மறுபடி கை காட்டினார். ஒன்றும் இல்லை. பாடினால் அவமானம், பாடாவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம், அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில். நான் பாடினேன். சோப்ரானோ வரிசையில் நின்றபடி டெனர் பாகத்தை, முழுக் குரலில், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாடினேன். ஜனங்கள் ஆண்கள் பக்கம் திரும்பித் திரும்பி ஆளைத் தேடினார்கள். பக்கத்தில் ரோஸ்லின் அக்கா என்னை முழங்கையால் இடித்தார். நான் நிறுத்தவில்லை. மற்ற குரல்கள் வந்து சேர்ந்துகொண்டன. பாட்டு பிழைத்துக்கொண்டது.

மறுநாள் ஈஸ்டர் ஒத்திகையில் தாவீது சார் எல்லோர் முன்பும் கேட்டார். "யாரக் கேட்டுப் பாடினீங்க?"

"ஆண்டவரக் கேட்டுத்தான் சார். ரெண்டு வருஷமா கேட்டேன்."

"பொம்பள டெனர்ல நின்னா ஜனங்க சிரிப்பாங்கம்மா."

"நேத்து யாரும் சிரிக்கலயே சார்."

"இதக் கமிட்டியில வைக்கணும்."

"வைங்க சார். அவங்க முடிவு பண்றவரைக்கும் நான் அந்தப் பக்கம் நிக்கறேன்."

ஈஸ்டர் காலை நான் பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கத்துக்கு நடந்தேன். சின்ன தூரம்தான். மொத்தச் சபையும் பார்த்தது. நான் தலை குனியவில்லை. சாலமோன் தாத்தா நகர்ந்து இடம் விட்டு, பாட்டுப் புத்தகத்தில் பாதியை என் பக்கம் நீட்டினார். கீழே முன்வரிசையில் என் கணவர் மேற்கூரையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கமிட்டி இன்றுவரை முடிவு எடுக்கவில்லை.

இது யாருடைய குரல் என்று ஆண்டவரிடம் நான் கேட்டதற்குப் பதில் அதற்கப்புறம்தான் வந்தது. கமலா அக்கா சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. சபையின் பெண்கள் சங்கக் கூட்டங்களில் கவனித்துப் பார்த்தேன். பாதிப் பேர் வாயை மட்டும்தான் அசைத்தார்கள்! எல்லாப் பாட்டும் அவர்களுக்கு எட்டாத சுருதியில் இருந்தது. உச்சியில் நின்று பாடின காலத்தில் இது எனக்குத் தெரியவே இல்லை. போர்டில் லைன் வராத நேரத்திலும், தோசை ஊற்றும்போதும், தாழ்ந்த சுருதியில் மெட்டுக் கட்ட ஆரம்பித்தேன். வார்த்தையும் நானே போட்டேன். தண்ணீர் லாரி, ரேஷன் க்யூ, ஜுரத்தில் கிடக்கும் பிள்ளை எல்லாம் அதில் வரும். சங்கத்தில் முதல் முறை அதைப் பாடியபோது பேரன் பேத்தி எடுத்த பெண்கள் தொண்டை திறந்து பாடினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆயர் ஐயா வீட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ சத்தம் எங்கம்மா இருந்துச்சு?"

"இவங்க தொண்டையிலதான் ஐயா. சுருதிதான் எட்டல."

அன்று வீட்டுக்கு வந்து, ட்ரெயினுக்குக் காத்திராமல், சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன். என் குரலைத் திருப்பிக் கொடும் என்று கேட்டேன். எல்லோரும் கூடவே வரக்கூடிய குரலை அவர் கொடுத்திருக்கிறார். இதற்காக நான் ஆபரேஷனுக்கு நன்றி சொல்ல மாட்டேன். நோய் நோய்தான். ஆனால் அது பிடுங்கிக்கொண்டு போனது கடைசி வார்த்தையாக இருக்க அவர் விடவில்லை.

போன வருஷம், 1996இல், ஒரு ஞாயிறு. ரோஸ்லின் அக்காவுக்கு வயது ஏறிவிட்டது, உச்ச ஸ்வரம் போய்விட்டது. சோப்ரானோ வரிசையின் ஓரத்தில் நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தூரத்திலிருந்தே தெரியும், நானே செய்தவள் அல்லவா? ஆராதனை முடிந்ததும் போய்க் கையைப் பிடித்தேன்.

"அக்கா, அடுத்த வாரம் எங்க பக்கம் வந்துடுங்க."

"நான் அன்னிக்கு உன்ன அப்படிப் பேசுனேனே எஸ்தர்" என்று அழுதார்.

"பேசுனீங்க. எனக்கு மறக்கல. வாங்க."

இப்போது டெனர் வரிசையில் என்னோடு சேர்த்து நான்கு புடவைகள்.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, உங்களிடமிருந்தும் ஏதோ ஒன்று பறிபோயிருக்கலாம். சீக்கிரமாகச் சமாதானம் ஆகிவிடாதீர்கள். அவரிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்கக் கூச்சமாக இருந்தால் எங்கள் தெருவுக்கு வாருங்கள், ட்ரெயின் இருக்கிறது. தூரமாக இருந்தால் வீட்டில் மிக்ஸியைப் போட்டுவிட்டு வாயைத் திறங்கள். அது நிற்கும்போது உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் சரி, வாயை மட்டும் அசைக்காதீர்கள்.