பதினொரு பக்கமும் என் இடது முட்டியும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூன்று நாளாக என் நல்ல காலுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

ஆம்பூர் லெதர் கம்பெனிகளுக்குள் நடக்கும் கிரிக்கெட்டில் என் இடது முட்டி பிசகிவிட்டது. வரும் ஞாயிறு ஃபைனல். நான் இல்லாமல் அது நடக்காது.

உடனே பிரவுசிங் சென்டருக்கு நொண்டிக்கொண்டே போய், விளையாட்டுக் காயங்களுக்கென்றே இருக்கும் ஒரு வெப்சைட்டிலிருந்து பதினொரு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். படத்தில் இருந்தபடியே பயிற்சியும் செய்தேன்.

இன்று வேலூரில் பிசியோதெரபி மேடத்திடம் அதை நீட்டினேன். பாராட்டுவார் என்று நினைப்பு.

"சார், இது டாக்டருங்களுக்கான பக்கம். பேஷண்டுக்கு அதே சைட்ல தனியா இருக்கு, நானே அதைத்தான் பிரிண்ட் எடுத்துக் குடுக்கறேன். சரி, எப்படிச் செஞ்சீங்க, காட்டுங்க."

படுத்துக் காட்டினேன்.

"வலி எந்தக் கால்ல?"

"இடது கால்ல."

"அப்ப வலது காலை எதுக்குத் தூக்கறீங்க?"

"படத்துல வலது கால்தான் போட்டிருந்தாங்க மேடம்."

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு வலிக்குப் படுத்திருந்த பாய் திரும்பிப் பார்த்தார். "இன்னா தோஸ்த், அந்தக் காலாவது நல்லா தேறிச்சா?"

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு முட்டியை அழுத்திப் பார்த்தார். நான் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டேன்.

"தாராளமா போங்க. நிக்கலாம். ஓட மட்டும் கூடாது."

அப்பாடா, பிழைத்தேன்.

இன்டர்நெட் பார்த்து வைத்தியம் செய்து மாட்டியவர்கள் கீழே கமெண்ட்டில் கை தூக்குங்கள். ஓடாமல் எப்படி ஆடுவாய் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். நான் அம்பயர்.