கணக்கில் சேராத எச்சில்

செவ்வாய்க்கிழமை காலை, கரண்ட் இருந்தும் முதலாளி எல்லாத் தறிகளையும் நிறுத்தினார். "நம்ம கோமதி போயிட்டா" என்றார். அத்தனை தறிச் சத்தத்துக்கும் மேலே கேட்ட ஒரே குரல் கோமதி அக்காவுடையது. அவளோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, தறிக்கு நூலைத் தாராகச் சுற்ற வந்த என்னிடம் அவள் முதலில் கேட்டது, "ஏட்டி, வாய வாடகைக்கு விட்டுட்டியா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி, உனக்கும் சேத்து நானே பேசுதேன்" என்றாள். பேசவும் செய்தாள்.

அவள் வாயில் புற்று வந்தபோது சங்கரன்கோவிலிலிருந்து வெளியூர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனது நான்தான். டாக்டர் மறைக்காமல் சொன்னார். கதிர் சிகிச்சைக்குப் பழைய மிஷின் என்றால் செலவில்லை. புது மிஷினுக்குப் பணம் கட்ட வேண்டும். இவளுக்கு வந்த நோயை இரண்டும் ஒன்றுபோலத்தான் அழிக்கும். ஆனால் புதியதில் எச்சில் சுரக்கும் இடத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். பழையதில் வாய் வறண்டு, திரும்ப ஊறாமலே போகலாம்.

வராந்தாவில், செலவு விஷயம் பேச வந்திருந்த அவளுடைய அண்ணன் தன் தம்பியிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டுலயும் நோய் போயிரும்லா? பொறவு எதுக்குலே புதுசு? எச்சி ஊறவா இம்புட்டுச் செலவு?"

தம்பி சிரித்தான். "வாய் காஞ்சா பேச்சாவது கொறையும்."

அக்கா தறி ஓட்டிச் சேர்த்ததெல்லாம் அந்த அண்ணன் கையில்தான் இருந்தது. அந்த மாதம் அவர் வீட்டு மாடிக்கு டைல்ஸ் பதித்தார். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பழைய மிஷினிலேயே நோய் போனது. இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்கினாள். பாட்டில் இல்லாமல் இரண்டு வார்த்தை பேச முடியாது. "பேச்சுக்கும் கரண்ட் கட்டு வந்துட்டுட்டி" என்று சிரிப்பாள். சாப்பாடு குறைந்து உடம்பு வற்றியது. போன வாரம் வந்த காய்ச்சலைத் தாங்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

சாவு வீட்டில் அண்ணன் வாய்க்கரிசி போடக் குனிந்தார். அவர் கையைத் தடுத்தேன். "மொதல்ல தண்ணி. வெறும் அரிசி அக்காவுக்கு எறங்காது."

"ஏட்டி, நீ யாரு சொல்லுததுக்கு?"

"துணைக்குப் போனவ. வராந்தாவுல நீங்க பேசினதக் கேட்டவ."

அக்காவின் பாட்டிலைத் திறந்து அவள் உதட்டை நனைத்தேன். அதுவரை அவர் கையில் அரிசியோடு நின்றார்.

அவரை மன்னிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தப் பாட்டில் இப்போது நான் தார் சுற்றும் இடத்தில் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவள் சத்தத்தை. அந்த அண்ணன் நம் தறிக்கூடத்துப் பக்கம் வரட்டும், தறி ஓடிக்கொண்டிருந்தாலும் அவருக்குக் கேட்கும்.