அழுத கிழவியின் மகன்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவள். தொண்ணூறுகளின் கடைசியில் என் கடைசி மகன் தி.நகரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கதை எழுதினான். முதலாளிக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம். அவர் ஆடிப் பார்ப்பதற்கு முந்தின நாள் என்னை அழைத்துப்போய் அந்த விளையாட்டை ஆடச் சொன்னான்.

படத்தில் ஒரு கிழவி அழுதாள். பொத்தானை அழுத்தினேன். "என் மகனைக் காணோம்" என்று எழுத்து வந்தது. கூட்டிப் படித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அதே வரிதான்.

"இன்னாடா, சொன்னதையே சொல்லிக்கினு கீறா?"

"அவளுக்கு அவ்ளோதாம்மா எழுதிக்கீறேன். நீ கோட்டைக்குப் போ, அங்கதான் சண்டை."

"அழுவுறவள வுட்டுட்டு இன்னாடா சண்டை? புள்ள எங்க போனான்?"

"தெர்லம்மா. யாரும் நின்னு கேப்பாங்கன்னு நெனைக்கல."

ஆடுகிறவர் எங்கே நிற்பார் என்று எழுதுகிறவனுக்கே தெரியாதாம். இதென்ன கதை என்று எனக்கு வியப்பு. அன்றே உட்கார்ந்து எழுதினான்: கிழவியின் மகன் கோட்டை வாசலில் காவல் நிற்கிறான்.

மறுநாள் முதலாளி கிழவியைத் திரும்பியும் பாராமல் போய், காவல்காரனை வெட்டிவிட்டு, சண்டை பிரமாதம் என்றாராம். வேலை நிரந்தரமானது. வெட்டியது யாரை என்று என் மகன் அவரிடம் சொல்லவில்லை.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ இதுவரைக்கும் எழுதினதைப் படி, கேட்கிறேன்.