"தெரியாது" என்று சொல்லும் திரை

எங்க ஆபீஸ் ஜார்ஜ்டவுன்ல, உசரமான கட்டடத்துல மேல் மாடி. சிக்னல் எப்பவும் ஃபுல்லா இருக்கும். எங்களுக்குப் பிடிச்ச சனியனே அதுதான். ஃபுல் சிக்னல்ல உட்கார்ந்து எழுதுற எந்தப் புரோகிராமும் ஜோராத்தான் ஓடும். மலைப்பக்கம் போனாத்தான் அதோட லட்சணம் தெரியும்.

நான் ஆப் எழுதுறவ இல்லை. கைப்பேசி ஆப்புங்களுக்கு அடியில இருக்குற சட்டகத்தை வடிவமைக்கிறவ. சிக்னல் செத்துப்போனா விவரத்தை எங்க வைக்கிறது, திரும்பி வந்தா எதை முதல்ல அனுப்புறது, எல்லாம் என் பொறுப்பு. இந்த வேலையில என்னை மிஞ்ச பினாங்குல ஆள் கிடையாது. இதைச் சொல்லிக்கிறதுல எனக்கு வெட்கமும் கிடையாது.

வீடு வீடாப் போயி நோயாளிங்களைப் பார்க்குற நர்ஸுங்களுக்கு, எங்க ஊர்ப் பேச்சுல மிஸ்ஸிங்களுக்கு, ஒரு ஆப் செஞ்சுகிட்டிருந்தோம். ஒரு மிஸ்ஸி ஊசி போட்டுத் தன் போன்ல பதிஞ்சா, அடுத்த மிஸ்ஸி போன்லயும் அது தெரியணும். சட்டகத்துல நான் ஒரு விதி வச்சேன். அந்த வீட்டுக்குப் போற இன்னொரு போன்கிட்டேயிருந்து சேதி வராம இருந்தா, திரை "இன்னும் போடலை"ன்னு சொல்லக்கூடாது. "தெரியாது"ன்னுதான் சொல்லணும்.

பாஸுக்கு வந்துச்சே கோபம்! "தெரியாதுன்னு சொல்ற ஆப்பை எவன்மா வாங்குவான்? எடுத்துரு லா!"

"எடுக்க முடியாது பாஸ். வேணும்னா என்னை எடுத்துருங்க."

வாய்க்கொழுப்புதான். ஆனா பாலிக் புலாவ் மலையடியில இருக்குற எங்கப்பாவுக்கு அந்த மிஸ்ஸிங்கதான் தினம் ஒரு தடவை இன்சுலின் போடுறாங்க. அப்பாவுக்கு மறதி நோய். தப்பித்தவறி ரெண்டு தடவை போட்டுட்டா ஆளே போயிருவாரு. இதைப் பத்தி ஆபீஸ்ல நான் மூச்சு விடலை.

அந்த வரியை எடுக்குறதுக்கு முன்னால ஆப்பைச் சோதிச்சுப் பார்க்க சிக்னல் மோசமா இருக்குற வீடு ஒண்ணு வேணும்னாரு பாஸ். யாரு வீடுன்னு சொல்லாம நான் எங்கப்பா வீட்டைக் காட்டினேன். மிஸ்ஸியோட நாங்க ரெண்டு பேரும் போனோம். "வாம்மா"ன்னு அப்பா என் கையைப் பிடிச்சப்பத்தான் பாஸுக்கு விஷயமே புரிஞ்சது.

அம்மா பசாருக்குப் போயிருந்தாங்க. மிஸ்ஸி போனைத் திறந்தாங்க. சிக்னல் இல்லை. திரையில "தெரியாது"ன்னு இருந்துச்சு.

"அங்கிள், இன்னிக்கு ஊசி போட்டாச்சா?"

"எங்க போட்டாங்க? யாருமே வரலையே!" அப்பா சட்டையைத் தூக்கி வயித்தைக் காட்டினாரு.

விரல்ல குத்திப் பார்த்தா சர்க்கரையும் ஏறித்தான் இருந்துச்சு. "அதான் அவரே சொல்றாரே, போட்டுடலாமே"ன்னாரு பாஸ்.

"தெரியாதுன்னு எழுதியிருக்குல்ல? தெரியுற வரைக்கும் யாரும் ஊசியைத் தொடாதீங்க!"ன்னு கத்திட்டேன். மிஸ்ஸி ஊசியை எடுக்காமலே நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க.

கொஞ்ச நேரத்துல அம்மா காய்கறிப் பையோட உள்ள நுழைஞ்சாங்க. "அட, மறுபடியுமா? காலையிலேயே இந்தப் பக்கம் வந்த இன்னொரு மிஸ்ஸி போட்டுட்டுப் போயிட்டாங்களே! அதுக்கப்புறம்தான் வயிறு முட்டச் சாப்பிட்டாரு." அந்த மிஸ்ஸி பதிஞ்ச சேதி, சிக்னல் கிடைக்காம இன்னும் அவங்க போன்லயே கிடந்திருக்கு.

ஆபீஸுக்குத் திரும்புறப்ப காடியை ஓட்டிக்கிட்டே பாஸ் சொன்னாரு.

"உங்கப்பா வீட்டு விஷயம்னு முன்னாடியே சொல்லியிருந்தா, அந்த வரியை எடுன்னு நான் சொல்லியே இருக்க மாட்டேனே."

"அதனாலதான் சொல்லலை பாஸ். மத்தவங்க அப்பாவுக்கும் அந்த வரி இருக்கணும்ல?"