பூட்டும் பதிவுத் தபாலும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். சாமானைக் கலைத்துப் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவரை வாசல்வரை திட்டி அனுப்புகிறவள் நான். அப்படிப்பட்ட நான், என் இரும்புச் சாமான் கடையில் பன்னிரண்டு வருஷம் கூடவே வேலைக்கு நின்றவள், தன் மகளுக்குக் கட்டிய வீட்டின் குடிபுகுதலுக்கு அழைத்தபோது, வாசற்கதவில் என் கடைப் பூட்டைக் கண்டும் வாய் திறக்கவில்லை.

வாவியோரம் அவள் கல்லுக்கல்லாகக் கட்டிய வீடு. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு இல்லாமல் கலியாணப் பேச்சே எடுக்க முடியாது. அந்தப் பித்தளைப் பூட்டு நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்து, விலை கூடவென்று ஒருவரும் வாங்காதது. கதவுப் பிணைச்சல்கள், குசினித் தண்ணீர்க் குழாய், எல்லாமே கடையில் காணவில்லையென்று நான் மாதக்கணக்காகத் தேடியவை. பொங்கலைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

மறுநாளே சட்டத்தரணியிடம் போனேன். பொலிசுக்குப் போனால் அவளுக்குத் தண்டனை கிடைக்கும், என் நட்டத்துக்கு சிவில் வழக்குத்தான் போட வேண்டும், முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம் என்றார். "அனுப்புங்க" என்றேன். நேரே கேட்டால் அழுதுவிடுவேன் என்ற பயத்தை அவரிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் கடை திறந்த கையோடு வந்தாள். கையில் அந்தப் பதிவுத் தபால், உறை கூடக் கிழிக்கவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியும். ஆனால் முத்திரை குத்திய கடிதமென்றால் தானே பிரிக்க மாட்டாள். வங்கிக் கடிதம், பிரதேச செயலகக் கடிதம் எல்லாம் இத்தனை வருஷமும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அடி பாவி, இதையும் என்னிடமே கொண்டுவந்துவிட்டாளே!

"அக்கா, என்னெண்டு பாருங்க. வீட்டுக்கு ஏதும் பிரச்சினையாக்கும்."

ஒன்றுமில்லையென்று கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு நான் ஒரு கடிதத்தையும் பொய்யாக வாசித்ததில்லை. வாசித்தேன். என் பெயரையும் விடவில்லை. பதினான்கு நாட்களுக்குள் பொருட்களையோ பெறுமதியையோ தராவிட்டால் வழக்கு என்பதுவரை வாசித்து முடித்தேன்.

அவள் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்தாள்.

"ஓம் அக்கா, நான்தான் எடுத்தன். கேட்டா நீங்க சும்மா தந்திருப்பீங்க. அதுதான் கேக்கல்ல. என்ட புள்ளைட வீடு இரந்து கட்டின வீடெண்டு ஆகப்படாது."

"களவெடுத்துக் கட்டினா மட்டும் நல்லாயிருக்குமாடி?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "மறுகா என்ன, இதுக்குப் பதில் எழுதணுமே?"

"எழுதத்தான் வேணும்."

கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள். "அப்ப எழுதுங்க அக்கா. எடுத்தது உண்மை, சம்பளத்தில மாதாமாதம் கழியுங்க. பூட்ட மட்டும் கழட்டச் சொல்லாதீங்க."

சட்டத்தரணியின் பெயரை எழுதப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவர்ட நான் என்னத்த எடுத்தன்? உங்களுக்கு எழுதுங்க."

தாளின் தலைப்பில் என் விலாசத்தை எழுதினேன். அதற்குக் கீழே, அவள் சொல்லச் சொல்ல, 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுதினேன்.