அக்காவின் நத்தார்ச் சட்டை

எங்கள் குடும்பத்தில் கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கு யாரும் கடையில் தைத்த உடுப்புப் போடுவதில்லை. கார்த்திகை பிறந்ததும் நான் துணி வாங்கிவிடுவேன். கணவருக்கு ஒரு சேர்ட், அக்காவுக்குச் சீலைக்குப் போடுகிற சட்டை, அக்காவின் மகன் வருகிற வருடமென்றால் அவனுக்கும் ஒரு சேர்ட். பாலையூற்றில் வீட்டு முன்னறையில் மெஷின் வைத்து ஊருக்குத் தைத்துக் கொடுப்பது என் தொழில். இவர்களுக்குத் தைப்பது மட்டும் என் நத்தார்ப் பரிசு. ஒளித்துவைத்துக் கொடுக்கிற பரிசு அல்ல. அளவெடுக்க வரச் சொன்னதுமே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அத்தான் இறந்தபின் அக்கா பக்கத்து வளவு வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் கட்டாரில் வேலை செய்கிறான். அந்த வருடம் அவன் வருவதாக இருந்தான். அளவெடுக்க வந்த காலையிலும் அக்கா அதையேதான் கதைத்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு என்ன கறி வைப்பது, எந்த அறையில் கட்டில் போடுவது என்று. வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் பாதிப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை.

"கையைத் தூக்குங்கோ அக்கா," என்று சொல்லி அளவு நாடாவை இடக்கைக்குக் கீழால் எடுத்தேன். அப்போது மார்பின் ஓரத்தில் என் விரலில் ஏதோ தட்டியது.

எத்தனையோ பெண்களுக்கு அளவெடுத்த விரல்கள் இவை. கொழுப்பு எது, வேர்வைக்கட்டு எது என்று அவற்றுக்குத் தெரியும். இது வேறு. கடலைக்கொட்டை போல ஒன்று, அசையாமல், இறுகிப்போய்க் கிடந்தது. அளவு பிழையாகிவிட்டது போலப் பாவனை செய்து நாடாவை மறுபடியும் சுற்றினேன். அது அங்கேயேதான் இருந்தது.

அக்காவின் பேச்சு நின்றிருந்தது. நிமிர்ந்தேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்டிட்டியோ?" என்றாள்.

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"எப்ப இருந்து அக்கா?"

"ஆடி மாசம் போல. குளிக்கேக்க கையில பட்டது."

"டொக்டரிட்டக் காட்டினீங்களோ?"

"நோகேல்ல. நோகாததை என்னெண்டு காட்டுறது? பிள்ளை வாறான். வந்து நத்தாரைக் கொண்டாடிப்போட்டுப் போகட்டும். தை பிறந்தாப்பிறகு பாப்பம். நீ ஒருத்தரிட்டையும் கதைக்காத."

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் சின்னம்மா மார்பில் வந்த புற்றுநோயில்தான் செத்தாள். கடைசி மாதங்களில் அவளைக் கழுவி, துடைத்து, கட்டுப் போட்டுவிட்டது அக்கா. நான் அப்போது சின்னப்பிள்ளை. அந்த அறைப் பக்கம் என்னை விடமாட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்ட முனகல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே நடந்ததையெல்லாம் கண்ணால் கண்டவள் இப்போது தன் கைக்குக் கீழே அதையே வைத்துக்கொண்டு, மகனுக்கு என்ன கறி வைப்பதென்று கதைக்கிறாள்.

அக்காவுக்கென்று எடுத்த கரும்பச்சைத் துணி மேசையில் கிடந்தது. சட்டையின் முன்பக்கம் வெட்டும்போது துணியை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் மட்டும் சோக்கால் கீறி, இரண்டையும் ஒன்றாக வெட்டுவோம். இடமும் வலமும் ஒரே அளவு என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. அன்றைக்கு நான் யோசித்தேன். துணியை மடித்தேன், விரித்தேன், மறுபடி மடித்தேன். கத்திரிக்கோலை வைக்க முடியவில்லை. இந்தச் சட்டையை எந்த உடம்புக்கு வெட்டுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்களுடையதைத் தைத்து முடித்தேன். கணவரின் சேர்ட்டுக்கு ஒரு கையை உள்பக்கம் வெளியே வரத் தைத்துவிட்டுப் பிரித்தேன். "என்ன, கண் தெரியேல்லையோ?" என்று அவர் கேட்டார். ஓம் என்றேன். பக்கத்து வளவில் ஒரு சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திக் காது கொடுப்பேன். அக்கா இருமினாலும் பயம், அவளுடைய அரவம் கேட்காவிட்டாலும் பயம்.

ஒரு கிழமை கழித்து அக்காவே வந்தாள்.

"என்ர சட்டை எங்க?"

"வெட்டேல்ல."

"ஏன்?"

"நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாத்தான் வெட்டுவன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. "நல்ல நாளும் அதுவுமா என்னை வெருட்டிறியோ?"

"நான் வெருட்டேல்ல அக்கா. எனக்குத்தான் பயமாக் கிடக்கு. கத்திரிக்கோல் பிடிக்க ஏலாமக் கிடக்கு."

அவள் கதிரையில் இருந்தாள். துணியின் ஓரத்தைக் கையில் எடுத்து நூலைப் பிய்க்கத் தொடங்கினாள்.

"சின்னம்மான்ர அறை மணம் இப்பவும் என்ர மூக்கில கிடக்கு," என்றாள். "சாகிறதுக்கு எனக்குப் பயமில்லை. அந்த அறைக்குத்தான் பயம்."

பிறகு எழுந்து, "நாளைக்குப் போவம். நீயும் வா," என்றாள்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில், காத்திருக்கிற வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். முதல் பஸ்ஸிலேயே கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வந்துவிட்டாராம். அக்கா கிளினிக் சீட்டை மடித்து மடித்து விரிப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே கதை தொடங்கினார்.

"பயப்புடாதீங்க. எனக்கு ஒரு பக்கம் எடுத்துக் கன வருஷம். இன்னைக்கும் எங்கட ஊட்டுல நான்தான் சோறாக்குற."

அக்காவின் கண் தன்னை அறியாமல் அவருடைய நெஞ்சுக்குப் போயிற்று. அந்தப் பெண் அதைக் கவனித்தார். முகம் சுளிக்கவில்லை. "உள்ளுக்குப் பஞ்சு வெச்சிருக்கன். நடக்கக்குள்ள மேல ஏறிரும். அதுதான் ஒரே கரச்சல்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அக்கா சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவெடுத்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

டொக்டர் ஒரு இளம் பெண். தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுப்பித்தார், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு நத்தார் கழிந்துதான் வரும் என்றார்.

திரும்பி வரும் வழியில் அக்கா சொன்னாள்: "சட்டையை வெட்டு. ரெண்டும் இருக்கேக்க ஒருக்கா வடிவாப் போடுறன்."

அன்று பின்னேரமே வெட்டினேன். துணி நனையக்கூடாதென்று முகத்தை அடிக்கடி துடைத்துக்கொண்டேன். இடப்பக்கத் தையலை மட்டும், தேவைப்பட்டால் பிரித்து மாற்றலாம் என்று, உள்ளே அதிகம் துணி விட்டுத் தைத்தேன். கொக்கி வைக்கும்போது அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். விட்ட துணியைத் தடவினாள்.

மகன் வந்தான். அக்கா கணவாய் வைத்தாள், இறால் வைத்தாள், பலகாரம் சுட்டாள். நானும் அவளும் அவனுக்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம். நத்தார்க் காலைப் பூசைக்குக் கரும்பச்சைச் சட்டையோடு வந்தாள். "அம்மா, நல்லாயிருக்கு," என்று மகன் படமெடுத்தான். கோவிலில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நத்தாருக்கு இந்த வாங்கில் யார் இருப்போம் என்ற ஒரே நினைப்புத்தான். பாலன் பிறப்பைப் பற்றிப் பிரசங்கத்தில் சுவாமி சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா மகனிடம் சொல்லிவிட்டாள். அவன் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தான். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?" என்று மட்டும் கேட்டான். லீவை நீட்டினான். முடிவு கேட்க எங்களோடு அவனும் வந்தான்.

புற்றுநோய்தான். ஆனால் சின்னது, பரவவில்லை என்றார் டொக்டர். அந்த இரண்டாவது வசனத்தை நாங்கள் மூவரும் வெளியே வந்த பிறகுதான் விளங்கிக்கொண்டோம். தை மாதம் இடப்பக்கத்தை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டியது, வாய் புண்ணானது. சின்னம்மாவுக்கு நடந்ததெல்லாம் வருமென்று ஒவ்வொரு காலையும் அஞ்சிக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன். அறை யன்னல்களை அக்கா ஒருநாளும் மூட விடவில்லை. மழைச்சாரல் கட்டிலில் அடித்தாலும் திறந்தே கிடந்தன.

உடம்பு தேறி வெளியே போகத் தொடங்கியபோது, சட்டை ஒரு பக்கம் தொங்குகிறதென்று சீலைத் தலைப்பால் இழுத்து இழுத்து மூடினாள். பஞ்சு வைத்துப் பார்த்தாள். கிண்ணியாப் பெண் சொன்னது போலவே அது மேலே ஏறியது. பாரம் வேண்டுமென்று எனக்கு விளங்கியது. மெல்லிய பருத்தியில் ஒரு பை தைத்து, வறுத்து ஆறவிட்ட குரக்கன் தானியத்தைப் பஞ்சோடு கலந்து நிரப்பினேன். கழுவுவதற்கு வசதியாக ஒரு ஓரத்தைத் திறந்து பொத்தான் வைத்தேன். சரியாக வருவதற்கு முன் பல பைகள் பிழையாகிப்போயின. அந்த வருடம் அவளுக்கு நத்தார்ப் பரிசு அதுதான், புதுச் சட்டையோடு.

கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாரமாக் கிடக்கு," என்றாள்.

"மற்றதும் பாரம்தான். உங்களுக்குப் பழகிப்போச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நத்தாருக்கும் வந்திருந்த மகன் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு என்னவென்று கேட்டான். இருவரும் சொல்லவில்லை.

கிண்ணியாப் பெண்ணுக்கும் ஒன்று தைத்தேன். பெருநாளுக்கு முந்தின கிளினிக்கில் கொடுத்தேன். பொதியை அமத்திப் பார்த்து, "குரக்கனா? எங்கட ஊட்டுக் கோழிக்குத் தெரியப்படாது," என்றார்.

இதையெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறேன். ஆனால் கிளினிக் நாள் நெருங்கினால் என் தையல் இன்றைக்கும் கோணிப்போகிறது. போன தடவை வலப்பக்கத்தில் ஏதோ நிழல் போலத் தெரிகிறது, இன்னொரு ஸ்கேன் எடுப்போம் என்றார் டொக்டர். அந்த வாங்கில் இருந்தபோது நான் ஒரு முழுச் செபத்தையும் சொல்லி முடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நடுவில் மறந்துபோனேன். கடைசியில், ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள்.

பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்தேன். பாலையூற்றில் இறங்கியதும் பேக்கரிக்கு முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இரவைக்குப் பாண் வாங்குவமோ?" என்றாள். ஓம் என்றேன்.